தண்ணீரை மூடியவள்

புலிமூக்குக் குன்றில் குடிசை போட்டிருந்த சனங்களில் குவாய்லானைப் போல அடிதடிக்கு அஞ்சாதவள் வேறொருத்தி இல்லை. கட்டட வேலையில் காவுதடி போட்டுக் கல்லும் மண்ணும் சுமந்து சுமந்து அவள் தோள் இரண்டும் மரக்கட்டையாய்க் காய்த்திருந்தன. ஒருமுறை இடுப்பில் கைவைத்த மேஸ்திரியின் மூக்கை அந்தக் காவுதடியாலேயே உடைத்துவிட்டு, மறுநாள் காலை ஒன்றும் நடக்காததுபோல அதே வேலைக்குப் போய் நின்றாள். மேஸ்திரியும் மூக்கில் கட்டோடு வந்து வாய் திறக்காமல் அவளுக்குச் சுமை கொடுத்தான். இரண்டு ஆள் பாரத்தை ஒற்றை ஆளாய் ஏற்றுகிறவளை விரட்டிவிட்டு அவன் எங்கே போய்த் தேடுவான்.

அவள் புருஷன் ஷுய்சாங் அதற்கு நேர் எதிர். சத்தம் போட்டால் தன் காதையே பொத்திக்கொள்கிறவன். பிறந்தபோது சாதகம் பார்த்தவர், இந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் அம்சம் குறைவு என்று சொல்லி, ‘நீரில் பிறந்தவன்’ என்று பொருள்படும் அந்தப் பெயரை வைக்கச் சொன்னாராம். பெயருக்கு ஏற்ற மாதிரி தண்ணீர் இலாகாவிலேயே வேலையும் கிடைத்தது. தெருக்களுக்கு அடியில் ஓடும் குழாய்களின் வால்வுகளை ஆள் உயர இரும்புச் சாவியால் திறப்பதும் மூடுவதும்தான் வேலை. மழை பெய்த வருஷங்களில் அவனை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஹாங்காங்கில் மழை சுத்தமாகப் பொய்த்துவிட்டது. நீர்த்தேக்கங்களில் அடிச்சேறு வெடித்துக் கிடந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை, நாலே மணி நேரம் தண்ணீர் என்று சர்க்கார் அறிவித்தது. கவுலூன் பக்கம் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு முறைநாள். புலிமூக்குக் குன்றின் முறை வரும்போது ஷுய்சாங் வால்வைத் திறந்தால் குன்றடியில் இருந்த ஒரே பொதுக்குழாய் உயிர் பெறும். அவன் மூடினால் செத்துவிடும். குன்று முழுக்கக் குடிசை, அத்தனைக்கும் அந்த ஒரு குழாய்.

முதல் முறைநாளிலேயே ரத்தம் சிந்தியது. வரிசையில் புகுந்தவளின் காதை இன்னொருத்தி தோட்டோடு பிய்த்துவிட்டாள். அடுத்த முறை ஒரு கிழவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மண்ணெண்ணெய் டின்னுக்குக் கைப்பிடியாக அடித்திருந்த மரச்சட்டத்தைக் கழற்றினால் நல்ல ஆயுதம் என்பதை எல்லோரும் கண்டுகொண்டார்கள். கீழே மாடிவீட்டுத் தெருக்களிலும் கதை அதுதான். கீழ்வீட்டுக்காரன் குழாயைத் திறந்து வைத்தால் மேல்வீட்டுக்கு ஒரு சொட்டு ஏறாது. “கீழ்வீட்டுக் குழாயை மூடு” என்று மேலிருந்து கத்துவார்கள். கத்திப் பார்த்துப் பலிக்காத ஒருவன் நாலாவது மாடியிலிருந்து கறிவெட்டும் கத்தியையே கீழே விட்டெறிந்தான்.

இந்த நிலையில்தான் காளைக்கழுத்தன் குழாயடிக்கு வந்தான். குன்றில் சூதாட்டக் கொட்டகை நடத்திக்கொண்டிருந்தவன். நாலு தடியன்களோடு வந்து நின்று, இனிமேல் வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பார்த்துக்கொள்ளவும் செய்தான். முதலில் அவனுடைய கைவண்டி நிறைய டின்கள், சாயப்பட்டறைக்கும் தேநீர்க்கடைகளுக்கும் போக. அதன்பின் அவனுக்குக் கப்பம் கட்டியவர்கள். மிச்சம் மீதிக்கு மற்றவர்கள். இது என்ன நியாயம் என்று செருப்புத் தைக்கிற ஒருவன் கேட்டான். கேட்டவனின் பற்கள் குழாய்த்தொட்டியில் கிடந்தன. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

குவாய்லானின் டின்கள் மட்டும் எப்போதும் கைவண்டிக்கு அடுத்ததாக இருக்கும். கப்பமும் இல்லை, கேள்வியும் இல்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தேதான் தண்ணீரைத் தூக்கிப் போனாள். இரண்டு பெண் குழந்தைகளுக்கும் உடம்பெல்லாம் வேனல்கட்டி. துவைக்காத துணி புண்ணில் ஒட்டிக்கொண்டு அதுகள் ராத்திரியெல்லாம் அழுதன. வரிசையில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்த பார்வையை அவள் பார்க்காததுபோல நடந்தாள்.

அவர்களில் ஒருத்தி பக்கத்துக் குடிசை யூக்ஹோ. நடுவில் ஒரே ஒரு தகரச்சுவர். யூக்ஹோவுக்குப் பேறுகாலத்தில் மருத்துவச்சி வருவதற்குள் குழந்தையைக் கையில் வாங்கியவள் குவாய்லான்தான். அப்பேர்ப்பட்ட யூக்ஹோ இப்போது அவளைக் கண்டால் குழந்தையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

ஒருநாள் சாயங்காலம் காளைக்கழுத்தன் ஒரு பொட்டலம் வறுத்த பன்றிக்கறியோடு குடிசைக்கு வந்தான். குழந்தைகளின் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் குந்திக்கொண்டான்.

“அண்ணி, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். ஊரெல்லாம் மூடட்டும், நான் வேணாங்கல. நம்ம குன்று வால்வ மட்டும் மறந்துட்டுப் போயிடட்டும். மனுஷன்னா மறதி இருக்காதா?”

“அவரு மறக்கிற ஆளில்ல.”

“நீ சொன்னா மறப்பாரு. வீட்ல யாரு கை ஓங்கியிருக்குன்னு குன்றுக்கே தெரியும்.”

புருஷன் வந்ததும் அவள் சொல்லத்தான் செய்தாள். அவன் காலணியைக் கழற்றியபடியே, இங்கே விட்டால் அடுத்த பேட்டைக்கு ஏறாது, அங்கேயும் இதே மாதிரி டின்னை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றான். கறியைப் பிள்ளைகள் தின்றாயிற்றே என்றாள் அவள். தின்றால் தின்றதுதான், மூடவேண்டியதை மூடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டான். அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதேயில்லை. எரிச்சலாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த முறைநாளில் அவன் நேரத்துக்கு மூடினான். மறுநாள் பட்டப்பகலில், சந்தைக்குப் பின்னால், காளைக்கழுத்தனின் நாலு தடியன்களும் அவனை மடக்கினார்கள். கொஞ்ச நேரம் உதைத்தார்கள். பிறகு இருவர் அவன்மேல் உட்கார்ந்துகொள்ள, ஒருவன் அவன் வலதுகையை நடைபாதை விளிம்பில் விரித்து வைத்தான். நாலாமவன் அவனுடைய இரும்புச் சாவியையே தூக்கி அதன்மேல் போட்டான். மீன் விற்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்று விரல் நசுங்கிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். வீட்டில் குவாய்லான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை மொண்டு அவன் முகத்து ரத்தத்தைக் கழுவினாள். வீணாக்காதே என்றான். “சும்மா இருய்யா” என்று அதட்டினாள். மூலையில் சாத்தியிருந்த காவுதடியை ஒருமுறை பார்த்தாள்.

வேலைக்குப் போகவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. போகாவிட்டால் வேறொருவனை அனுப்புவார்கள், அவன் மறந்துவிட்டுப் போவான் என்பது இருவருக்கும் தெரியும். கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஷுய்சாங்.

“இந்தக் கைய வெச்சுக்கிட்டுச் சாவியத் திருப்ப முடியாது” என்றான்.

“நான் திருப்பறேன்” என்றாள் குவாய்லான்.

முறைநாள் அன்று நண்பகலில் அவள்தான் வால்வைத் திறந்தாள். குழாய் இருமிவிட்டுக் கொட்டத் தொடங்கியதும் வரிசையில் ஆரவாரம் எழுந்தது. ஆனால் வரிசை நகரவில்லை. கைவண்டி நிறைந்து, போய், காலி டின்களோடு திரும்பி வந்து, மறுபடி நிறைந்தது. யூக்ஹோ விடியற்காலையிலிருந்து நின்றவள். வெயிலில் குழந்தை அழுது அழுது ஓய்ந்து அவள் முதுகில் தொங்கிற்று. கைவண்டியில் கடைசி டின்னும் ஏறி, கப்பம் கட்டியவர்களும் எடுத்துப் போனபின், ஒருவழியாக அவள் வரிசையின் முனைக்கு வந்தபோது ஷுய்சாங் கடிகாரத்தைப் பார்த்து நேரமாயிற்று என்றான்.

வால்வு, குழாய்க்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. குவாய்லான் சாவியை உள்ளே இறக்குவதைப் பார்த்துவிட்டு யூக்ஹோ டின்களோடு ஓடிவந்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு வாய் திறந்து பேசினாள்.

“அக்கா, ரெண்டு டின்னு. ரெண்டே ரெண்டு. அப்புறம் மூடிக்க.”

குவாய்லான் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், முடியாது என்று. யூக்ஹோவுக்குப் பின்னால் நின்ற வரிசை குன்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இரண்டு டின் கொடுத்தால் அடுத்தவளுக்கும் இரண்டு டின். ஆனால் அவள் நினைத்தது அதை அல்ல. இப்போது திறந்துவிட்டால் அந்த மூன்று விரலும் எதற்காகப் போயிற்று என்றுதான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே திருப்பினாள். குழாய் நின்றது.

யூக்ஹோ காலி டின்னைச் சுழற்றி அடித்தாள். தகரத்தின் விளிம்பு குவாய்லானின் நெற்றியைக் குறுக்கே பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்குவதற்குள் மற்றவர்களும் வந்து விழுந்தார்கள். மயிரைப் பிடித்தவர்களும் கடித்தவர்களும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்தான். புத்தாண்டுக்குப் பலகாரம் கொடுத்து வாங்கியவர்கள். ‘எங்க தண்ணியக் குடிச்சவளே’ என்று ஒருத்தி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அவள் விலாவில் மிதித்தாள். ஷுய்சாங் எங்கோ கால்களுக்கு நடுவில் கிடந்தான். அவள் சாவியை மட்டும் விடவில்லை.

அந்தச் சாவிக்காகத்தான் காளைக்கழுத்தன் வந்தான். அவன் ஆட்கள் பெண்களைப் பிடித்து இழுத்து எறிந்து வழி செய்தார்கள். வந்தவன் முதலில் ஷுய்சாங்கின் கட்டுப்போட்ட கையை மிதித்து நின்றான். ஷுய்சாங் வாழ்க்கையில் முதன்முறையாக வாய்விட்டு அலறினான். காளைக்கழுத்தன் தர்பூசணி அறுக்கிற நீளக்கத்தியை உருவிக்கொண்டு, “குடு அண்ணி” என்றான், கடனாகக் கேட்பவனைப் போல.

குவாய்லான் கொடுத்தாள். கல் சுமந்த தோள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாள். இரும்பு அவன் காதுக்குப் பின்னால் இறங்கியது. கத்தி எங்கோ போய் விழுந்தது. அவன் நாலைந்து அடி தள்ளாடிப் போய்ச் சரிந்தான்.

அவன் ஆட்கள் நாலு பேரும் அவனையே பார்த்தார்கள். கைவண்டியை அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. ததும்பத் ததும்ப நிறைந்த டின்களோடு அது நின்றது. யார் முதலில் ஓடியது என்று கடைசிவரை தெரியவில்லை. ஓடியவள் பின்னால் குன்றே ஓடியது. குவாய்லானை மறந்தார்கள், வால்வை மறந்தார்கள். காளைக்கழுத்தன் கிடந்தது கைவண்டிக்குப் போகிற வழியில். சுற்றிப் போக யாருக்கும் நேரமில்லை. அவன்மேலேயே போனார்கள். டின்னோடு திரும்பும்போதும் அவன்மேலேயே வந்தார்கள். தடுக்க வந்த தடியன் ஒருவனின் முகத்தில் மரச்சட்டம் விழுந்தது, மற்ற மூவரும் ஓடிப்போனார்கள். தண்ணீரில் பாதி மண்ணில் கொட்டியது. போலீஸ் வந்தபோது காளைக்கழுத்தன் அந்தச் சேற்றில் முகம் பதிந்து செத்துக் கிடந்தான்.

கோர்ட்டில் குவாய்லான் எதையும் மறைக்கவில்லை. அடித்தேன் என்றாள். செத்துப்போகவேண்டும் என்றா அடித்தாய் என்று கேட்டதற்கு, எழுந்திருக்கக் கூடாது என்று அடித்தேன் என்றாள். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னது வேறு. மண்டையில் அடி இருந்தது, நெஞ்சு எலும்புகளும் நொறுங்கியிருந்தன, உயிர் எதனால் போனது என்று தன்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். நடந்ததைப் பார்த்தவர் யார் என்று போலீஸ் குன்று முழுக்கக் கேட்டது. அன்றைக்குக் குழாயடிக்கே போகவில்லை என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். செத்தவனின் கூட்டாளிகள் இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

யூக்ஹோ யாரும் அழைக்காமல் வந்தாள். முதுகில் குழந்தையோடு சாட்சிக் கூண்டில் ஏறி, குவாய்லானின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“இவ மண்டைய உடைச்சது நான். அப்புறம் வண்டிக்கு ஓடினேன். போகும்போது அந்தாளு முனகிக்கிட்டு இருந்தான். நெஞ்சு மேல கால வெச்சுத்தான் தாண்டினேன். வரும்போதும் மிதிச்சேன். ரெண்டு கையிலயும் டின்னு. வரும்போது சத்தமில்ல.”

வேறு யார் யார் மிதித்தார்கள் என்று நீதிபதி கேட்டார்.

“எல்லாரும். ஆனா நான் என் கால மட்டுந்தான் சொல்ல முடியும்.”

உயிர் யார் காலால் போனது என்று பிரிக்க முடியாமல் யூக்ஹோவின் மேல் வழக்குப் போடவில்லை, குவாய்லான்மேல் கொலைக்குற்றமும் நிற்கவில்லை. ஆளைப் படுகாயப்படுத்தியதற்காக அவளுக்கு இரண்டு வருஷம். சர்க்கார் சாவியை வெளியாள் கையில் கொடுத்ததற்காக ஷுய்சாங்குக்கு வேலை போயிற்று. துறைமுகத்தில் ஒரு கிட்டங்கிக்குக் காவல்காரனாகப் போய், இடதுகையால் சமைத்துப் பிள்ளைகளை வளர்த்தான். யூக்ஹோவைக் காளைக்கழுத்தனின் ஆட்கள் விடவில்லை. ஒருநாள் அவள் மார்க்கெட்டில் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் பின்னாலிருந்து வந்து, கன்னத்தில் காதிலிருந்து வாய்வரை கத்தியால் கோடு இழுத்துவிட்டு, கூட்டத்தோடு நடந்து போய்விட்டான்.

அடுத்த வருஷம் புயல்மேல் புயல் வந்தது. வேண்டிய மட்டும் மழை கொட்டி, நனைந்த குன்று பாதி சரிந்து குடிசைகளோடு இறங்கியது. தப்பியவர்களைச் சர்க்கார் அடுக்குமாடிகளில் கொண்டுபோய் அடைத்தது. குவாய்லான் விடுதலையாகி வந்த வீடு அதுதான். மாடிக்கு ஒரு பொதுக்குழாய், ஒற்றை அறை. அதே மாடியில் நாலு கதவு தள்ளி யூக்ஹோ.

முதல்நாள் சாயங்காலமே குவாய்லான் அவள் வாசலில் போய் நின்றாள். கன்னத்துத் தழும்பை வெகுநேரம் பார்த்தாள்.

“எவன்?” என்றாள்.

“பேரு தெரிஞ்சு என்ன பண்ணப் போற, அக்கா? திரும்பவும் உள்ள போகணுமா? புள்ளைங்க இப்பத்தான் உன் மூஞ்சியப் பாக்குதுங்க. உக்காரு. கஞ்சி இருக்கு.”

குவாய்லான் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதன்பின் அதைப்பற்றிப் பேச்சில்லை. ஆனால் குவாய்லான் வெளியில் கேட்பதை விடவில்லை. மார்க்கெட்டில், கட்டட வேலையில், துறைமுகத்தில் மெல்ல விசாரித்துப் பேரைத் தெரிந்துகொண்டாள், இருக்கும் இடத்தையும் தெரிந்துகொண்டாள். ஒரு காலையில் காவுதடியை எடுத்துக்கொண்டு, அவன் மீன் பெட்டிகள் இறக்குகிற படித்துறை வரைக்கும் போனாள். அவனுக்கு இதற்குள் ஒரு கால் விளங்காமல் போயிருந்தது, வேறு ஏதோ சண்டையில். பெட்டியைத் தூக்கமுடியாமல் இழுத்துக்கொண்டிருந்தான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பாவம் என்று தோன்றவில்லை. அடிக்கவும் கை எழவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி நடந்தாள்.