ஸ்ரீரங்கத்து வீட்டில் பூண்டு பீன்ஸ்

நீள்வட்டத் தட்டில் குவிந்து கிடந்த பச்சை பீன்ஸ், அதன் மேல் பொன்னிறமாகப் பொரிந்த பூண்டுத் துணுக்குகள். திருச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடி ஓட்டலின் மங்கிய வெளிச்சத்தில், என் கணவர் அந்தத் தட்டை என் பக்கம் நகர்த்தியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒன்றை எடுத்துக் கடித்துக் காட்டினார். "கேட்டியா? நறுக்குன்னு சத்தம் வரணும். நம்மாத்து பீன்ஸ் கறமது வாய்க்குள்ள போனதும் ஊமையாயிடறது" என்றார். கறமது என்பது எங்கள் வீட்டுப் பேச்சில் பொரியல். நான் சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்தேன். ஸ்ரீரங்கத்துக்காரர் யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்று பயம்.

எங்கள் வீட்டுக்குள் வெங்காயம்கூட நுழையாது. பூண்டு என்ற பேச்சே கிடையாது. மாமியார் வைத்த ஒழுங்கு அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அலுவலகம் விட்டதும் கணவர் என்னை அந்த ஓட்டலுக்கு வரச் சொல்வார். திரும்பும்போது காவிரிப் பாலம் வரும்வரை இருவரும் பஸ்ஸில் ஏலக்காய் மெல்லுவோம். "அம்மா ஒரு வாரம் அக்காவாத்துக்குப் போகட்டும், நாமளே பண்ணிப் பாத்துடலாம்" என்பார். மாமியார் எங்கும் போகவில்லை. என் கணவர்தான் போனார், ஒரு காலை வேளையில், அலுவலகத்துக்குச் சட்டை பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே.

அதன் பிறகு வீட்டில் நானும் மாமியாரும்தான். சாப்பிட உட்காரும்போது சில நாள் என் பக்கத்திலிருந்து அந்த நறுக்கென்ற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் வெறும் தரை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் அவருடைய திதி வந்தது. அவர் தம்பி வந்து செய்தார். வாழைக்காய், புடலங்காய், பாகற்காய் என்று வழக்கமான சமையல். எங்கள் திதிச் சமையலில் பீன்ஸுக்கே இடமில்லை, பூண்டுக்கு எங்கே? உயிரோடு இருந்தபோது பாகற்காயை ஓரமாக ஒதுக்கியவர் அவர். வருஷா வருஷம் பிடிக்காததை வைத்துப் பசியோடு அனுப்புகிறோம் என்ற எண்ணம் என்னை விடவே இல்லை. ஒரே ஒரு முறை அவருக்குப் பிடித்ததைச் செய்து வைத்துவிட வேண்டும்.

மறுவாரம், மாமியார் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில், கொல்லைப்புறத்தில் சின்ன கேஸ் அடுப்பை வைத்தேன். பீன்ஸை வாணலியில் போட்டதும் கைப்பழக்கத்தில் தண்ணீர் தெளித்து மூடிவிட்டேன். பூண்டு போடுவதற்கு முன்பே பீன்ஸ் துவண்டு கறமதாகிவிட்டது. மறுநாள் பீன்ஸைத் துணியில் ஈரம் போகத் துடைத்தேன். நறுக்கிய பூண்டைச் சிறு தீயில் பொரித்துத் தனியே எடுத்தேன். அதே எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பீன்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மூடாமல், தோல் சுருங்கிக் கொப்புளிக்கும்வரை வதக்கினேன். உப்பு, மிளகுத்தூள், கடைசியில் பூண்டு. ஒன்றைக் கடித்தேன். நறுக்கென்றது. வாழையிலைத் துண்டில் அவருக்கென்று எடுத்து வைக்கும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏண்டிம்மா, அவன் வந்துட்டானா?"

இலையும் கையுமாக உள்ளே ஓடினேன். பார்வை மங்கிய மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முகத்தைக் கொல்லைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நினைவு தப்பிவிட்டதோ என்று தோளைத் தொட்டேன்.

"என்ன பயம்? நேக்கு ஒண்ணும் புத்தி பேதலிக்கலை. அவன் சட்டையை நான்தானே தோய்ப்பேன், உன்னைத் தொட விட்டேனா? அதுல வர்ற பூண்டு வாசனைதானே இது? ஏலக்காய் மென்னுட்டு வந்தா அம்மாக்குத் தெரியாதாக்கும்! அசடுகள் ரெண்டும்."

"கொட்டிடறேன்மா" என்றேன் மெல்ல.

"கொட்டாதே. அந்த ஜன்னலைச் சாத்து."

பக்கத்து வீட்டுக்கு வாசனை எட்டிவிடும் என்று சொல்கிறார் போலும் என நினைத்து அவசரமாகச் சாத்தினேன். கொல்லைக் கதவையும் சாத்தச் சொன்னார். பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"தொறந்து வெச்சா வாசனை போயிடும்டி. கொஞ்ச நாழி இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.