எழுதியவர் எழுந்திருக்கலாம்

காரைக்குடியிலிருந்து தமிழில் ஒரு கணித இதழ் வருகிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள், "இன்னுமா வருது?" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் இரண்டாமவர்கள்தான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். புதிய கண்டுபிடிப்பு எதையும் போடுவதில்லை. ஏற்கெனவே தெரிந்த கணக்கைத் தெரியாதவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும், அவ்வளவுதான் கொள்கை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பேராசிரியர்களிடம் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்று கேட்பது, சமையல்காரரிடம் உப்பில்லாமல் விருந்து போடுங்கள் என்று கேட்பது மாதிரி. முகம் சுருங்கிவிடும்.

இதழைத் தொடங்கியவர்கள் சில கல்லூரி ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர்தான் முதல் இதழாசிரியர். பகா எண்களைப் பற்றிச் சொந்தமாக ஒரு கவிதை எழுதி ஒவ்வொரு இதழிலும் சேர்த்துவிடுவார். அவர் விலகியதும் சந்தா கொஞ்சம் கூடியது. அடுத்து வந்தவர் கண்டிப்பானவர். 'இதை எளிதில் காணலாம்' என்று யார் எழுதினாலும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'நீங்கள் கண்டீர்களா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். அவருக்கு நண்பர்கள் குறைவு. மூன்றாவது ஆள் நான். ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். புதிய இதழாசிரியரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் நடந்த அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வராதவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

காகிதச் செலவும் கூட்டம் நடத்த இடமும் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுக்காரருடையது. முன்னோர் கடல் கடந்து தொழில் செய்தவர்கள். இவர் வீட்டின் பாதியை வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுவிட்டு, மீதிப் பாதியில் இருக்கிறார். இதழில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "கனமா இருக்கு, நல்லா வந்திருக்கு" என்பார். எங்கள் பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பாராட்டுகளைவிட அது நேர்மையான மதிப்புரை.

அந்தக் கண்டிப்பான இதழாசிரியர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டுப் போயிருந்தார். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தூர் வீட்டில் கல்யாணங்களுக்காகக் கட்டிய கூடத்தில், வாய்விட்டு வாசிக்க வேண்டும். எழுதியவர் பெயரைச் சொல்லக் கூடாது. அவர் வாசிக்கவும் கூடாது. மற்றவர்களோடு உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யாருக்கு எங்கே புரியவில்லையோ அவர் கையைத் தூக்கி, "இங்க நிக்குது" என்பார். முடிந்ததும் இதழாசிரியர், "எழுதியவர் எழுந்திருக்கலாம்" என்று சொல்வார். எழுந்தவர் நின்ற இடங்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கட்டுரை அவரோடேயே பஸ் ஏறிவிடும்.

ஒரு பேராசிரியரை வாய் திறக்காமல் உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தன் வரி வரும்போது தொடையில் தாளம் போடுபவர்கள் உண்டு. கை தூக்கியவரைப் பார்வையாலேயே எரிப்பவர்கள் உண்டு. முடிவிலியைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்குக் கூடம் முழுக்கக் கை எழுந்தது. வீடு போய்ச் சேரும்வரை யாருடனும் நான் பேசவில்லை. திருத்தி எழுதியதும் நன்றாகவே வந்துவிட்டது, அதுதான் கூடுதல் எரிச்சல். இவ்வளவு அவமானத்தையும் தாங்கிக்கொண்டு ஆட்கள் வந்ததற்கு அந்த வீட்டு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்கவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இதழுக்குப் பாயிண்ட் என்ற நோய் வந்தது. கல்லூரியில் பதவி உயர்வு வேண்டுமென்றால் கட்டுரை எழுதிப் பாயிண்ட் சேர்க்க வேண்டும், அதுவும் ஆராய்ச்சி இதழ் என்று பெயர் வாங்கிய இதழில் வேண்டும் என்று ஆனதும், இதழை நடத்தும் எங்கள் குழுவின் தலைவருக்கு இதழின்மேல் பாசம் பொங்கிவிட்டது. அவர் ஒரு கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர். நல்ல உயரம், நல்ல குரல். எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் நடு நாற்காலி அவருக்குத்தான்.

"மேடம், இத ஆராய்ச்சி இதழா மாத்திருவோம்" என்றார் ஒரு நாள். "நாலு பேரு படிக்கிறதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? நம்மாளுகளுக்குப் பாயிண்டாச்சும் கிடைக்கட்டும்."

"அப்ப வாசிப்புக் கூட்டம் சார்?"

"அது எதுக்குங்கிறேன்? நாம என்ன சின்னப் பிள்ளைகளா, எழுத்துக்கூட்டி வாசிக்கிறதுக்கு?"

அடுத்த கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்பது என்றானது. அதற்குள் ஒரு கட்டுரை வந்து சேர்ந்தது. தலைவரின் மெயிலிலிருந்து, தலைவரின் பெயரில். வேண்டாவெறுப்பாகத்தான் திறந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் ஏன் எப்போதும் நாம் நினைப்பதைவிட நீள்கிறது என்பதைப் பற்றியது. அவ்வளவு தெளிவான கட்டுரை எங்களுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. படித்து முடித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்தேன், அவ்வளவு சந்தோஷம். பிறகுதான் உறைத்தது. கட்டுரையில் 'நான்' என்று வருபவர் தினமும் நெற்குப்பையில் பஸ்ஸுக்கு நிற்கிறார், வெயிலில் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொள்கிறார். எங்கள் தலைவருக்குக் காரைக்குடியில் வீடு, வாசலில் கார். துப்பட்டா போட்டு நான் பார்த்ததில்லை.

அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண்ணுக்குத்தான் நெற்குப்பை.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் காரில் வந்து இறங்கினார். இதழை மாற்றுவதற்கான காரணங்களைத் திரையில் காட்ட வேண்டுமாம், லேப்டாப்பைச் சுமந்துகொண்டு பின்னால் அந்தப் பெண் வந்தாள். வழக்கப்படி வாசிப்பு முதலில். நானே வாசித்தேன்.

மணிக்கு இரண்டு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது கட்டுரை. ஒன்று போய்ப் பத்து நிமிஷத்தில் அடுத்தது, அதற்குப் பிறகு ஐம்பது நிமிஷம் எதுவும் கிடையாது. சராசரி இடைவெளி அரை மணி. ஆகவே கால் மணி நின்றால் போதும் என்று தோன்றும். ஆனால் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது அந்த நீண்ட இடைவெளி. நாம் போய் நிற்கும் நேரமும் பெரும்பாலும் அதற்குள்தான் விழும். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு இருபது நிமிஷத்தைத் தாண்டும்.

முன்வரிசை நடு நாற்காலியில் கை எழுந்தது.

"இங்க நிக்குது" என்றார் தலைவர். "இடைவெளி அரை மணின்னா காத்திருக்கிறது கால் மணிதான். இத எழுதினவருக்குச் சராசரின்னா என்னன்னே தெரியல. இந்த மாதிரி ஆளுகளுக்கெல்லாம் இடம் குடுக்கிறதாலதான் மாத்தணும்ங்கிறேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "அடிப்படையே ஆட்டம் காணுது சார்" என்று தன் பங்கையும் செலுத்தினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முழுவதையும் நிதானமாக வாசித்து முடித்து, "எழுதியவர் எழுந்திருக்கலாம்" என்றேன்.

யாரும் எழவில்லை. தலைவரே பின்னால் திரும்பிப் பார்த்தார். "எந்திரிங்க, பயப்படாதீக. தப்பு எல்லாரும் பண்றதுதான்."

"சார், இது நீங்க அனுப்புன கட்டுரை" என்றேன்.

பணியாரம் மென்றுகொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். தலைவர் மெதுவாக எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரியும்ல! வேணும்னேதான் கேட்டேன். தப்பாச் சொன்னா யாராச்சும் எந்திரிச்சு மறுக்கிறீகளான்னு பாத்தேன். ஒருத்தரும் மறுக்கல, பாத்தீகளா?"

கைதட்டினார்கள். ஆம், கைதட்டினார்கள். விழுந்த இடத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் மனிதரை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

பள்ளத்தூர் வீட்டுக்காரர் மட்டும் விடவில்லை. கூட்டத்தில் அவர் பேசியதே அதுதான் முதல் தடவை. "அப்ப பஸ்ஸு ஏன் லேட்டாகுதுன்னு சொல்லணும்ல? நின்ன இடத்துக்குப் பதில் சொல்றதுதானே இங்க முறை?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "நீ சொல்லும்மா. நான் சொல்லிக்குடுத்தேன்ல, அதே மாதிரி" என்றார், லேப்டாப் வைத்திருந்தவளிடம்.

அவள் தயங்கியபடி முன்னால் வந்தாள். தரையில் ஒரே வரிசையில் பதித்திருந்த ஆறு ஆத்தங்குடிக் கற்களைக் காட்டினாள். ஒரு கல் பத்து நிமிஷம். முதல் கல் சின்ன இடைவெளி, மற்ற ஐந்தும் சேர்ந்து பெரிய இடைவெளி. வீட்டுக்காரரிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாக்கைப் போடச் சொன்னாள். பெரிய இடைவெளியில் விழுந்தது. மறுபடி போட்டார், மறுபடியும் அங்கேயே.

"எங்குட்டுப் போட்டாலும் பெரிய பக்கந்தான் அதிகமா விழும்ங்கய்யா. நாம பஸ் ஸ்டாப்புக்குப் போறதும் இப்படித்தான்."

அவர் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட, நான் பஸ்ஸுல போன காலத்துல எனக்குத்தான் ராசியில்லைன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்த்தா!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. இந்த இதழ் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அது அந்தக் கூடத்தில் நடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் அவளைக் கேட்டேன். "இத எழுதினது யாரும்மா?"

அவள் தலைவரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்தான் மேடம்" என்றாள்.

பிறகு கை தூக்கல். வாசிப்புக் கூட்டங்களால் தேவையற்ற மனவருத்தம் உண்டாவதால் அவை இனி வேண்டாம் என்று முடிவாயிற்று. இதழ் ஆராய்ச்சி இதழாகிறது, தலைவரே இதழாசிரியர். என்னைச் 'சிறப்பு ஆலோசகர்' ஆக்கி, பெயரைப் பெரிய எழுத்தில் போடுவதாகச் சொன்னார்கள். நான் பொறுப்பில் இருக்கும் கடைசி இதழில் பஸ் கட்டுரை வரும்.

கலைந்து போகும்போது அவளைத் தனியாகப் பிடித்தேன். "ஒரு வார்த்தை சொல்லு. இது என் கையில இருக்கிற இதழ். உன் பேரைப் போட்டுட்டு நான் பாத்துக்கிறேன்."

"வேணாம் மேடம். தீசிஸ் சார்ட்ட இருக்கு. படிச்சுட்டு ஒரு கையெழுத்து மட்டும் போட்டாருன்னா போதும். எப்ப முடியும்னு எங்க வீட்டுல ரொம்ப நாளாக் கேக்குறாக."

அவர் பெயரிலேயே போட்டேன். மெய்ப்புத் திருத்தும்போது அந்தப் பெயரில் ஒரு பிழை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன், அந்த அளவுக்கு வயிறெரிந்தது.

இதுவரை எந்தக் கட்டுரைக்கும் இல்லாத வரவேற்பு அதற்கு. பள்ளிக்கூட வாத்தியார்கள் எழுதுகிறார்கள், ஒரு கண்டக்டர்கூட எழுதியிருந்தார். கடிதங்கள் இன்னும் என் முகவரிக்குத்தான் வருகின்றன. நான் தலைவருக்கு அனுப்புகிறேன். அவர் பிரிக்காமலேயே அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறார். அவள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, படம் போட்டு, பதில் எழுதுகிறாள். கீழே அவர் கையெழுத்துப் போடுகிறார். அதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருக்கிறது. அவளுடைய தீசிஸைத்தான் இன்னும் திறக்கவில்லை.