தேடினால் வரக்கூடாத பக்கம்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. காலை பஸ்.

பதுளையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் போகும் அந்த பஸ்ஸில் புஷ்பம் டீச்சர் எனக்கு எப்போதும் ஒரு சீட் பிடித்து வைப்பார். அவர் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிவிடுவார். நான் இரண்டு தரிப்பிடம் தள்ளி ஏறுவேன். ஏழு வருடப் பழக்கம். அன்றும் பக்கத்து சீட்டில் அவருடைய கைப்பை இருந்தது. நான் போய் நின்றேன். பை நகரவில்லை.

"ஆள் வருது டீச்சர்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

ஆள் எவரும் வரவில்லை. ஹாலி-எலயும் தாண்டிவிட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். பை சொகுசாக உட்கார்ந்து வந்தது.

இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நேத்து என் மக ஃபோன் பண்ணுனா. நீங்க என்னைப் பத்தி எழுதுனத வாசிச்சுக் காட்டுனா. ஒரு வரி விடாம."

எனக்குப் புரிய இரண்டு நிமிடம் பிடித்தது.

வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் என் வீட்டுக் கதை, பாடசாலைக் கதை எல்லாம் சொல்கிறேன். ஆனால் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. எனக்கு ஒரு வலைப்பூ இருக்கிறது. ஆறு வருடமாக. இங்கே எழுத முடியாததை அங்கே எழுதுவேன்.

டயரி வாங்கி எழுதவேண்டியதுதானே என்கிறீர்களா? என் வீட்டுக்காரர், வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட விரித்து இரண்டு பக்கமும் வாசிப்பவர். டயரி ஒரு நாள் தாங்காது.

ஆகவே வலைப்பூ. ஆரம்பிக்கும்போதே செட்டிங்ஸில் ஒரு பெட்டி இருந்தது. 'தேடுபொறிகளுக்குக் காட்ட வேண்டாம்' என்று. டிக் போட்டேன். அப்பாடா என்றிருந்தது. முதலில் பாஸ்வேர்டும் வைத்திருந்தேன். ஆனால் அதை வாசிக்கும் நாலே நாலு பேரில் ஒருத்தி, கனடாவிலிருக்கும் என் சித்தி மகள், மாதம் இரண்டு தடவை "பாஸ்வேர்ட மறந்துட்டேன்டி" என்று எடுப்பாள். எரிச்சலில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். அதுதான் டிக் இருக்கிறதே!

அந்த தைரியத்தில்தான் எல்லாரையும் சொந்தப் பெயரிலேயே எழுதினேன். பாடசாலையின் பெயரையும் எழுதினேன். புஷ்பம் டீச்சரின் கதையையும் எழுதினேன்.

அது அவர் பஸ்ஸில் வைத்து என்னிடம் சொன்னது. ஒரு மழை நாள், பாதையில் மண்சரிந்து பஸ் இரண்டு மணித்தியாலம் நின்றபோது. டீச்சர் வேலை கிடைப்பதற்கு முன், கணவர் இடுப்பு முறிந்து படுத்திருந்த காலத்தில், அவர் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். ஒன்றரை வயதுப் பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு. திரும்பி வந்தபோது பிள்ளைக்கு நாலு வயது. வாசலில் நின்ற தாயைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "அத்தை, யாரோ வந்திருக்காங்க" என்றதாம்.

மகளுக்கு அவர் சொல்லி வைத்திருந்தது வேறு. 'அம்மா கொழும்புல டிரெயினிங்ல இருந்தேன்.' இருபது வருடமாக அந்த வீட்டில் அதுதான் உண்மை.

மகள் தர்ஷினி இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். அம்மாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வருகிறது, பழைய படங்களைச் சேர்த்து ஒரு ஆல்பம் செய்வோம் என்று, அம்மாவின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் போட்டுத் தேடியிருக்கிறாள். முதலில் வந்து நின்றது என் வலைப்பூ.

எப்படி வந்தது? டிக் எங்கே போனது?

அன்று பின்னேரம் பஜாருக்கு ஓடினேன். ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் நானாதான் எனக்கு இந்த விஷயங்களில் டாக்டர். வலைப்பூவைத் திறந்து பார்த்தார்.

"போன மாசம் இதுல என்னமும் மாத்தினீங்களா டீச்சர்?"

மாற்றினேன். பின்னணி நிறம் சலித்துப் போய் வேறு டிசைன் போட்டேன். அப்போதிலிருந்து மேலே ஒரு ரோஸ் கலர் பட்டன் குதித்துக்கொண்டே இருந்தது. 'உங்கள் தளம் தயார்! இப்போதே தொடங்குங்கள்!' மூடினாலும் வந்தது. சனியன் தொலையட்டும் என்று ஒரு நாள் அமுக்கினேன். தொலைந்தது.

"அதுதான். அந்த பட்டன் உங்கட டிக்கையும் சேத்து எடுத்துட்டுது."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டிருக்கும். கீழ சின்ன எழுத்துல. யாரு வாசிக்கிற?" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "டிக் இருந்தாலும் இது பூட்டு இல்ல டீச்சர். கதவுல 'வராதீங்க'ன்னு போர்ட் மட்டும் போட்டிருக்கிறீங்க. கதவு தொறந்துதான் கெடந்திருக்கு."

ஆறு வருடமாக!

அங்கேயே அந்தப் பதிவை அழித்தேன். வலைப்பூவையே பூட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால்... இன்னும் நிற்கிறது! பக்கத்தை அமுக்கினால் 'காணவில்லை' என்று வருகிறது. ஆனால் தலைப்புக்குக் கீழே இரண்டு வரி, அழிக்கவே முடியாத மாதிரி. அதில் கடைசி வரி எது தெரியுமா? 'அத்தை, யாரோ வந்திருக்காங்க.'

அதை எடுக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். ஆங்கிலத்தில் ஏழு கேள்வி. இந்தத் தளம் உங்களுடையதா? நிரூபியுங்கள். கணவரின் குறட்டையைப் பற்றி நாற்பது பதிவு எழுதியிருக்கிறேன், வேறு யாருடையதாக இருக்கும்? படிவத்தை அனுப்பினேன். 'உங்கள் கோரிக்கை கிடைத்தது' என்று பதில் வந்தது. அதோடு சரி.

இதில் இன்னொரு கொடுமை. இந்தப் பத்தியின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். வராது. என் பெயரையும் சேர்த்துப் போட்டேன். எந்த ஊரிலோ இருக்கும் ஒரு பல் வைத்தியரைக் காட்டுகிறது. நாலு பேர் வாசிக்கட்டும் என்று எழுதுவது எங்கேயோ புதைந்து கிடக்கிறது. ஒருவரும் வாசிக்கக்கூடாது என்று எழுதியது முன் வரிசையில் வந்து நிற்கிறது. யாரிடம் போய் முறையிட?

மெஷினைத் திட்டித் திட்டி ஓய்ந்த பிறகு, ஸ்டாஃப் ரூமில் தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு இடைவேளையில்தான் உறைத்தது. பட்டனா புஷ்பத்தின் கதையை எழுதியது?

இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அவர் மகள் அவரோடு பேசவில்லை. தினமும் இடைவேளையில் ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

போன சனிக்கிழமை காலையில் அவரே அழைத்தார். "மக வந்திருக்கா. நீங்களும் வாங்க. எழுதுனவங்க நீங்கதானே... வந்து பதில் சொல்லுங்க."

போனேன். தர்ஷினி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். புஷ்பம் குசினி வாசலில், கையில் கரண்டியோடு. நான் மன்னிப்புக் கேட்டேன். பட்டன், டிக், படிவம் என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும் ஆன்ட்டி" என்று தர்ஷினி வெட்டினாள். "அம்மா போனதுக்கு எனக்குக் கோவம் இல்ல. என் கூட வேலை செய்ற பிள்ளைங்கள்ல எத்தனை பேரோட அம்மா போயிருக்காங்க. ஆனா பஸ்ல ஒங்ககிட்ட சொல்ல முடிஞ்சது, இருபது வருஷமா எங்கிட்ட சொல்ல முடியலையே. அதான்..."

புஷ்பம் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். "டீச்சர் வேலைக்கு வந்தப்போ, வீட்டு வேலைக்குப் போனவன்னு யாரும் சொல்லிறக்கூடாதுன்னுதான் ஒரு பொய் சொன்னேன். பெறகு நீ ஸ்கூல் போன. அங்கயும் அதையே சொன்ன. ஒன்னைப் பொய்க்காரி ஆக்கிறக்கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன். பஸ்ல சொன்னது... அன்னைக்கு நீ ஃபோன் எடுக்கல. எனக்கு மனசு தாங்கல. இவங்க பக்கத்துல இருந்தாங்க."

மகள் கேட்டாள்.

"நெசமாவே யாரோன்னா சொன்னேன்?"

"சொன்ன. ஆனா இவங்க பாதிதான் எழுதியிருக்காங்க. பெறகு நீ திரும்பி வந்த. எங்கையில இருந்த பிஸ்கட் டின்னைப் புடுங்கிக்கிட்டு, 'இப்ப போங்க'ன்ன."

தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். புஷ்பம் அவள் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். நான் செருப்பைத் தேடினேன்.

புஷ்பம் கேட் வரைக்கும் வந்தார். எனக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. ஏதோ நானே கடிதம் போட்டு மகளை வரவழைத்த மாதிரி ஒரு அசட்டு நினைப்பு. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இது நல்லபடியா முடிஞ்சுருச்சு. அதுக்காக நீங்க செஞ்சது நல்லதுன்னு ஆயிறாது" என்றார். "நான் ஒங்ககிட்ட சொன்னேன். ஒங்க பேனாகிட்ட சொல்லல."

தலையை ஆட்டினேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள். பட்டும் புத்தி வராமல் அதே கதையைப் பத்திரிகையிலும் எழுதுகிறாயே, வெட்கமாக இல்லையா?

இந்த முறை கேட்டுவிட்டு எழுதினேன். அச்சுக்கு அனுப்பும் முன் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய்த் தாய்க்கும் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். பாடசாலையின் பெயரை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். இரண்டு பேருக்கும் பெயரை மாற்றினேன். 'புஷ்பம்' அவரே தேர்ந்தெடுத்த பெயர். பிறகு சிவப்புப் பேனாவை வாங்கி, ஒரே ஒரு வரியைக் குறுக்கே அடித்தார்.

அது என்ன வரி என்று எந்தப் பொறியிலும் தேடாதீர்கள். அதை நான் வேறெங்கேயும் எழுதி வைக்கவில்லை.