தேக்கா இட்லியும் புக்கிட் பாத்தோக் ஐஸ் கச்சாங்கும்

கர்ர்ர்... கர்ர்ர்... என்று ஐஸ் சீவுகிற மெஷின் சத்தம். அதோடு சேர்ந்து வரும் ரோஸ் சிரப் வாசனை. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய டிக்கெட் ஞாபகம் வரும்.

பதின்மூன்று வருடம் இருக்கும்... அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. நான் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். உமா தென்காசிப் பெண். அவள் அப்பா ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்தே எடுத்துக் கொடுத்திருந்தார். மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு சாயங்கால ஃபிளைட். வழியனுப்பும்போது என் காதுபடவே சொன்னார்.

"பிடிக்கலைன்னா கிளம்பி வந்துரும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

நல்ல மனுஷன்தான். ஆனால் அன்றிலிருந்து நான் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

உமா அந்த டிக்கெட்டைப் பத்திரமாக ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தேதி என்னைப் பார்த்து முறைக்கும்.

எப்படியாவது அவளுக்கு இந்த ஊரைப் பிடிக்க வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பாடு. ஊர்ச் சாப்பாடு கிடைத்தால் ஊர் ஏக்கம் குறையும் என்று நானாகவே முடிவு கட்டி, ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவுக்கு, அதாவது எங்கள் தேக்காவுக்கு, கூட்டிப் போனேன். ஒரு வாரம் இட்லி, ஒரு வாரம் பரோட்டா, ஒரு வாரம் வாழையிலைச் சாப்பாடு. பாதிதான் சாப்பிடுவாள். கை கழுவப் போனால் பத்து நிமிடம் ஆகும். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க... காரம்."

இட்லிக்கு ஏது காரம்? நான் ஒரு டியூப்லைட். அடுத்த வாரம் இன்னும் நல்ல இட்லிக்கடையைத் தேடினேன்.

அப்படி ஒரு ஞாயிறு... தேக்காவிலிருந்து திரும்பி வந்து எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கினால், கொட்டுகிற மழை. ஓடிப்போய்க் காப்பிக்கடையில் ஒதுங்கினோம். சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்காதே என்று ஒரு ஐஸ் கச்சாங் சொன்னேன். மழைக்கு ஐஸ்! என் மூளை அவ்வளவுதான்.

வந்தது... சிவப்பும் பச்சையுமாகச் சிரப் ஊற்றிய குட்டி ஐஸ் மலை. உமா ஸ்பூனால் ஒரு குத்து குத்தினாள். உள்ளேயிருந்து வேகவைத்த சிவப்புப் பயறு உருண்டு வந்தது. பின்னாலேயே மக்காச்சோளம்.

"என்னங்க இது... ஐஸ்ல பயறு கிடக்கு!"

"அப்படித்தான்மா போடுவாங்க."

"தெரிஞ்சேவா போடுறாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்... கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கடைக்காரச் சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "நைஸ் ஆ?" என்றார். உமா கொஞ்சம் யோசித்து, "நைஸ் லா" என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டிக்கொள்ளும் 'லா'. அவள் சொன்ன முதல் 'லா' அதுதான்.

கிண்ணத்தைக் காலி செய்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"தேக்காவுல இட்லியை வாயில வச்சாலே எங்க அம்மா நினைப்பு வந்துருதுங்க. வீட்டுச் சட்னி இப்படி இருக்காதேன்னு தோணும்... அழுகையா வரும். இதைச் சாப்பிட்டா யார் ஞாபகமும் வரலை. நிம்மதியா இருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாராவாரம் நானே கூட்டிப் போய் அவளை அழ வைத்திருக்கிறேன்!

அன்றோடு தேக்காவுக்கு லீவு. உமா ஒரு எம்ஆர்டி மேப்பைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் டிக்கெட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள். போய்ச் சாப்பிட்ட ஸ்டேஷனுக்கெல்லாம் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். ஒரு இடத்தில் மீ கோரெங் நூடுல்ஸ், ஒரு இடத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிய சென்டோல், ஒரு இடத்தில் வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகிற சோயா இனிப்பு... ஒருநாள் மேசையில் கிடந்த டிஷ்யூ பாக்கெட்டை யாரோ மறந்து வைத்துவிட்டதாக நினைத்து, அந்த ஆளைத் துரத்திக்கொண்டு ஓடிக் கொடுத்துவிட்டு வந்தாள். பாவம், மனுஷன் எங்கள் ஊர் வழக்கப்படி டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு மேசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

வட்டங்கள் கூடின. டிக்கெட்டும் அங்கேயேதான் இருந்தது. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. மத்தியானம் பார்க்கிறேன், ஃப்ரிட்ஜ் கதவில் டிக்கெட்டைக் காணோம். உமா கைப்பையோடு நிற்கிறாள்.

"கிழக்குப் பக்கம் போவோமாங்க?"

ஏர்போர்ட்டும் கிழக்குப் பக்கம்தான். பெட்டி கட்டவில்லையே என்று புத்தி சொன்னது. மனசு கேட்டால்தானே?

தானா மேரா ஸ்டேஷனில் ஏர்போர்ட் போகிறவர்கள் இறங்கி ரயில் மாற வேண்டும். பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஒரு கூட்டம் இறங்கியது. உமா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு மூடியது.

"என் டிக்கெட் இன்னிக்குத்தாங்க."

"தெரியும்."

"பின்ன ஏன் ஒண்ணுமே கேக்கலை?"

"பயமா இருந்துச்சு."

"நேத்தே அப்பாகிட்ட சொல்லிட்டேன்... பாசிர் ரிஸ்ஸுக்கு இன்னும் வட்டம் போடலை, இப்ப வர முடியாதுன்னு."

கடைசி ஸ்டேஷனான பாசிர் ரிஸ்ஸில், சாப்பாட்டுக் கடையில் சரியான கூட்டம். மேசை பிடிக்க எங்களிடம் டிஷ்யூ பாக்கெட் இல்லை. உமா கைப்பையைத் திறந்து அந்த டிக்கெட்டை எடுத்தாள். நாலாக மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே வாங்கப் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பிட்ட சாத்தே எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சந்தோஷத்தில் எனக்கு ருசியே தெரியவில்லை.

இப்போது ஃப்ரிட்ஜில் இருப்பது மூன்றாவது மேப். புது ஸ்டேஷன் திறக்கத் திறக்க எங்களுக்கு வேலை கூடுகிறது. வட்டம் போடுகிற உரிமை இப்போது எங்கள் மகளுக்கு. தேக்காவுக்கும் போகிறோம். உமா இட்லியைப் பிட்டு வாயில் வைத்ததும், "சட்னியில தேங்கா கம்மி லா" என்பாள். கண் சிவப்பதில்லை.

போன வாரம் லிஃப்டில் மேல்வீட்டுத் தம்பியைப் பார்த்தோம். பக்கத்தில் மதுரையிலிருந்து புதிதாக வந்திருக்கும் அவன் மனைவி.

"அண்ணே, தேக்காவுல எந்தக் கடையில இட்லி நல்லா இருக்கும்? இவ சரியாவே சாப்பிட மாட்டேங்குறா."

நான் வாயைத் திறப்பதற்குள் உமா முந்திக்கொண்டாள்.

"தேக்காவுக்கு ஆறு மாசம் கழிச்சுப் போங்க தம்பி."

அப்புறம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஐஸ்ல பயறு போட்டுச் சாப்பிட்டிருக்கியாம்மா?"