முந்திரி எண்ணெய் சுட்ட கைகள்

அன்பு சகோதர சகோதரிகளே, என் பெயர் ஆரோக்கியமேரி. ஆலங்குடிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கிறேன். இந்த ஆண்டு ஈஸ்டர் முடிந்த மறுவாரம், நான் பெற்ற பிள்ளையை நானே தொட முடியாமல் போனது.

பதினோரு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற மகள். ஆறு மாதம். பேறுகாலம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அவசரத்தில் கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசாமல் உட்கார்ந்துவிட்டேன். முந்திரி ஓட்டில் ஊறும் எண்ணெய் பட்டால் தோலைச் சுட்டுவிடும். கழுவியும் முழுதாகப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கொஞ்சினேன். மறுநாள் என் உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன. அவள் கன்னமும் தடித்திருந்தது. துடித்துப்போனேன்.

அரசு மருத்துவமனை டாக்டரம்மா கொடுத்த மருந்தில் குழந்தை மூன்றே நாளில் தேறிவிட்டாள். என் கைதான் கொப்புளம் வற்றிய பிறகும் வெடித்து எரிந்தது. பிள்ளையைத் தொடவே பயம். லாரி ஓட்டும் என் கணவர் அருள் லீவு போட்டுவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் அவளைப் பிடித்துக் குளிப்பாட்டினார். அழுதுகொண்டே சிரித்தேன்.

மாதாவுக்கு ஒன்பது நாள் செபமான நவநாள் தொடங்கினேன். "தாயே, எம் புள்ளையத் தூக்குற மாதிரி கையக் குடுத்துரு, போதும்."

ஒன்பதாம் நாள் காலை வாசலில் பக்கத்து வீட்டுச் செல்வி, கிண்ணத்தோடு நின்றாள். ஒரு கோழிக்காக வந்த சண்டையில் இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. 'மாதாவே, அனுப்ப வேற ஆளே கெடைக்கலையா?' என்று நினைத்தேன்.

"ஒம் வீட்டுக்காரரு புள்ளையக் குளிப்பாட்டுற சத்தத்துல எங்க மாடே மெரளுது. கையக் காட்டு" என்றாள் செல்வி.

"நமக்குள்ளதான் பேச்சே இல்லையே."

"சண்ட போட்டது வாயி. கையி என்னடி பண்ணுச்சு?"

கிண்ணத்தில் இருந்தது வெடிப்புக்குப் பூசும் குங்கிலிய வெண்ணெய். நல்லெண்ணெயில் குங்கிலியப் பொடியைக் கரைத்துக் காய்ச்சி, வடிகட்டி, தண்ணீர் மாற்றி மாற்றி வெள்ளையாகத் திரளும்வரை அடிக்க வேண்டும். முந்தின நாள் பூராவும் எனக்காக அடித்திருக்கிறாள். "டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டே பூசுவோம், கெளம்பு" என்று பஸ் ஏற்றினாள்.

"புண் ஆறிடுச்சு, பூசலாம். குழந்தைக்கு மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. திரும்பும் பஸ்ஸிலேயே செல்வி பூசிவிட்டாள். வெண்ணெய் குளுகுளுவென்று இறங்கியது. இரண்டு வருடக் கதையையும் ஊர் வருவதற்குள் பேசி முடித்தோம்.

பத்து நாளில் வெடிப்புகள் மூடின. ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது பிள்ளைக்காகக் கை நீட்டினேன்.

"இன்னும் ரெண்டு நாள் லீவு இருக்கு, நானே தூக்கிக்கிறேனே" என்றார் அருள்.

"குடுங்க இங்கிட்டு!" என்று பிடுங்கிக்கொண்டேன். அவள் என் விரலைப் பிடித்துக் கடித்தாள். அந்த வலிக்காகவே மாதாவுக்குக் கோடி நன்றி!

இப்போது கையுறை மாட்டாமல் கொட்டையைத் தொடுவதில்லை. யாரையும் முகம் பார்க்காமல் கடப்பதும் இல்லை. உங்களுக்கும் ஒரு வேதனை இருந்தால், நம்பிக் கேளுங்கள். பிறகு கதவைத் தட்டுவது யாராக இருந்தாலும் திறந்துவிடுங்கள்.