துறைமுகத்தில் உங்கள் கை பேசிய பேச்சு

என் கருப்பட்டியே, நீங்கள் கண்ணை மூடிய மறுமாதம், உங்கள் பெட்டியை எடுத்துவர, நீங்கள் வேலை பார்த்த பினாங்குக்குப் போனேன். என்னைப் போல் புருஷனின் சாமான் எடுக்கப் போகிற பெண்களுக்கு உதவட்டும் என்று வழியையும் எழுதுகிறேன்.

கெப்பாலா பத்தாஸில் விடியுமுன் மாட்டுவண்டி ஏறினால், வெயில் ஏறுமுன் படகுத்துறைக்கு வந்துவிடலாம். ஃபெரிக்குப் பத்துக் காசு. நிழல் பக்கமாக உட்காருங்கள். நான் உட்காரவில்லை, தலை சுற்றியது.

கூலிகளுக்குத் தலைவரான தண்டல், அக்கரையில் பெட்டியோடு நின்றார்.

"வாங்கக்கா. அண்ணன் போனதும் தொறையே ஊமையாயிருச்சு."

எனக்குப் புரியவில்லை. வீட்டில் நீங்கள் 'ம்' என்றால் அதுவே அன்றைய பேச்சு. "அவரா பேசுவார்?" என்றேன்.

"வாயால இல்ல, கையால லா! கப்பல் மேல நின்னு கைய ஆட்டுவாரு, பாரந்தூக்கி வின்ச் ஓட்டுற சீனன் அதப் பாத்து மூட்டைய முட்டை மாதிரி எறக்குவான். சாப்புடறப்பவும் அந்தக் கை சும்மா இருக்காது. கஞ்சிக்கடைச் சீனத்தி ஊருக்குப் புதுசு, மலாயும் தெரியாது. ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சு ஓயாது!" என்று சிரித்தார்.

"அவளைக் காட்டுங்கள்" என்றேன். போய்ப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். தண்டல் உங்கள் உயரத்தைக் கையால் காட்டி, என்னையும் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்தாள். தன் மூக்கைத் தொட்டு, என் மூக்குத்தியைக் காட்டினாள்; என்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு, உங்களைப் போலவே தலையைச் சாய்த்து, வெறுங்கையில் பிள்ளை ஏந்தி ஆட்டினாள். கையைத் தாழ்த்தி மண்ணைத் தட்டினாள். விரலால் கன்னத்தில் கண்ணீர்க் கோடு இழுத்தாள். நீங்கள் அழுதீர்களாம்.

அது நம் செல்லாயி. அவளைப் புதைத்த அன்று ஒரு சொல் பேசாமல் கூரை வேய ஏறிவிட்டீர்கள். நெஞ்சில்லாத மனுஷன் என்று நினைத்தே உங்களோடு குடித்தனம் செய்தேன்.

அவள் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். நான் தொடவில்லை. அந்தக் கையை ஒடிக்கலாம் போல இருந்தது. அதில்தானே என் பிள்ளை இருந்தாள்.

போகிறவர்கள் பெட்டி தூக்கும் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். மத்தியான ஃபெரியில் கூட்டம் கம்மி. பெட்டியை வாங்கியதும் திரும்பிவிடுங்கள். அவர் சாப்பிட்ட கடைக்கு மட்டும் போகாதீர்கள்.

அவளுக்கு நம் பாஷை தெரியாது, கையால் சொன்னீர்கள். எனக்குத் தெரியுமே, என்னிடம் ஏன் சொல்லவில்லை?