விசாரணைக்கு ஒரு நல்ல நாள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரத்தில் இருந்த ஒரு புடவைக்கடையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வேலையிடத் துன்புறுத்தல் பற்றிய கருத்தரங்கொன்றுக்குப் போய்வந்த முதலாளி, "இங்கே துன்புறுத்தலுக்கு இடமில்லை" என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். சுபநேரம் பார்த்து, தேங்காய் உடைத்துத்தான் கொழுவினார். அத்தோடு தடுப்பு நடவடிக்கை நிறைவுபெற்றது.

நேரம் குறித்துக் கொடுத்தவன் நான். யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள். வருடமே இரண்டு நேரங்களில் பிறக்கிற ஊர் இது. முதலாளி வாக்கியம், காசு மேசையில் இருக்கும் அவருடைய மனைவி திருக்கணிதம். இரண்டுக்கும் பொருந்துகிற நாளைத் தேடுவது கடையில் என் மேலதிக உத்தியோகம். நாள், கிழமை, திதி என்று கிளறுவது எனக்குப் பிடித்தமான வேலை.

ஆனி முடிகிற வாரத்தில், அரியாலையிலிருந்து வேலைக்கு வருகிற பெண்ணொருத்தி முதலாளியிடம் முறையிட்டாள். மேல்மாடிக் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர், அவள் துணிக்கட்டு எடுக்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். வாசலை மறித்து நின்று கூடாத கதையும் கதைத்திருக்கிறார்.

"முறைப்படி விசாரிப்பம், பிள்ளை. நல்ல நாளாப் பாத்து வைப்பம். மானம் மரியாதை சம்பந்தப்பட்ட அலுவல்," என்றார் முதலாளி.

யாருடைய மானம் என்று அவர் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது, ஆடியில் ஒன்றும் தொடங்குவதில்லை. பிறகு நல்லூர்த் திருவிழா. கடையில் மூச்சுவிட நேரமில்லை. அதன்பின் வாக்கியத்தில் அகப்பட்ட ஒரு நல்ல நாள் திருக்கணிதத்தில் மரணயோகமாகிவிட்டது. இதற்கிடையில் களஞ்சியத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு களஞ்சியக்காரரிடமே இருந்தது. அவள் மேலே போகத்தான் வேண்டும், போகாவிட்டால் வேலையில்லை. கூட வேலை செய்த இரண்டு பெண்கள் அவளோடு சேர்ந்து மாடியேறத் தொடங்கினார்கள்.

"ஒரு கட்டுத் தூக்க மூண்டு பேரோ?" என்று முதலாளி வியந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணை, நாள் கிடைச்சுதோ?"

"வாற மாதம் ஒண்டு சரிவரும்போலை."

"அந்தாள் என்ரை கையைப் பிடிச்ச நாளை ஒருக்காப் பாருங்கோ. அது எப்பிடி?"

பார்த்தேன். அபூர்வமாக, இரண்டு பஞ்சாங்கங்களும் ஒத்துப்போயின.

"அமிர்தயோகம்."

"அப்ப அந்தாள் நாள் பாத்துத்தான் பிடிச்சிருக்கிறார்."

நேரே முதலாளியிடம் போனாள். நான் பஞ்சாங்கத்தோடு பின்னால் போனேன்.

"ஐயா, இண்டைக்கே விசாரியுங்கோ. இல்லாட்டி இண்டையோடை நான் வேலையாலை நிக்கிறன்."

"பிள்ளை, இப்ப இராகுகாலம் தொடங்கப் போகுது."

"தொடங்கட்டும் ஐயா. நல்ல நேரத்திலை எனக்கு நடந்தது போதும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்த நாளின் பக்கத்தை விரித்து முன்னால் வைத்தேன். காசு மேசையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "இராகுகாலம் திருக்கணிதத்திலையும் உதுதான். கூப்பிட்டு விசாரியுங்கோவன்."

களஞ்சியக்காரருக்கு ஆள் போயிற்று. "இராகுகாலம் கழியட்டும், வாறன்," என்று மேலிருந்து பதில் வந்தது. கீழே, அவள் நடந்ததைச் சொன்னாள். கூட மாடியேறிய இரண்டு பெண்களும் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மாதமாக நாள் பார்த்த விசாரணை, தேத்தண்ணி ஆறுமுன் முடிந்தது.

இராகுகாலம் கழிந்த கையோடு அவர் இறங்கி வந்தார். முதலாளி ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை.

"சும்மா பகிடிக்குத்தானே, முதலாளி. அதோடை, இராகுகாலத்திலை விசாரிச்சது சரிவராது."

"மூண்டு பேரோடையும் பகிடியோ? திறப்பை வையும்."

அவர் திறப்பை வைத்தார். அன்றே அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். மத்தியானம் அவள் தனியாக மாடியேறி இரண்டு கட்டுகளோடு இறங்கினாள்.

கண்ணாடிச் சட்டத்தில் இன்னொரு வரி வேண்டுமென்று அவள் கேட்டாள்: "முறைப்பாடு வந்த அன்றே விசாரணை." முதலாளி ஒப்புக்கொண்டார். புதிய சட்டம் வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"இதைக் கொழுவ ஒரு நல்ல நாள் பாரும்."

நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். முன்பக்கத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஸ்டூலில் ஏறி நின்று அவள் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.